நிறமும் தரமும்: வளரிளம் பெண்மக்களைப் பற்றிய ஒரு பாடம்



சென்ற வைசாகப் பௌர்ணமியன்று நமது ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் ஒன்றுகூட்டி ஒரு நிழற்படம் எடுத்தோம். பிள்ளைகள் மூன்று வரிசைகளாக நின்றனர். பதின்மூன்று வயதுடைய பெண் ஒருத்தி மட்டும் கடைசி வரிசையில், உயரமான பையன் ஒருவனுக்குப் பின்னே முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். அன்று காலை பஞ்சசீலத்தைப் பிழையின்றி ஓதி எல்லோருக்கும் பொருளும் கூறியவள் அவளே. முன்னே வந்து நிற்குமாறு அழைத்தேன், அவள் வரவில்லை. பின்னர்த் தனியே வினவியபோது, "படத்தில் நான் மட்டும் கறுப்பாகத் தெரிவேன், ஐயா. எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்கள்" என்றாள்.

நான் ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினேன். ஆனால் அன்றிரவு எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன் ஓர் அன்பர் இல்லத்தில் பிறந்த குழந்தையைக் காணச் சென்றிருந்தேன். குழந்தையைக் கையில் வாங்கியதும், "பிள்ளை நல்ல சிவப்பு, தாயைக் கொண்டிருக்கிறது" என்று மகிழ்ந்து கூறினேன். அப்பொழுது இப்பெண் என் அருகிலேயே நின்றிருந்தாள். அச்சொல்லை நான் அக்கணமே மறந்துவிட்டேன். அவள் மறந்திருப்பாளா? ஆகவே இப்பாடத்தை எவரையும் குறைகூறித் தொடங்க எனக்கு உரிமையில்லை. என் குற்றத்திலிருந்தே தொடங்குகின்றேன்.

1. ஆராயும் பொருள்

அழகை விரும்புதல் மக்கட்கு இயல்பு. தூய்மையாக உடுத்தலும், தலைவாரிப் பூச்சூடலும் குற்றமாகா. நாம் ஈண்டு ஆராயப் புகுவது அதுவன்று. பெரும்பாலான பெண்களுக்கு எக்காலத்தும் எட்டாததாகிய ஓர் உருவத்தை அளவுகோலாக வைத்து, அதனால் ஒவ்வொரு சிறுமியையும் அளந்து, "நீ குறைந்தவள்" என்று அவள் தானே தன்னைக் கூறிக்கொள்ளும்படி செய்கின்ற வழக்கம் எவ்வாறு உண்டாகின்றது, அதனால் விளைவது யாது, அதனை நீக்குவது எங்ஙனம் என்பவையே நம் ஆராய்ச்சி.

எப்பொருளும் காரணமின்றித் தோன்றுவதில்லை. காரணம் நீங்கின் காரியமும் நீங்கும் என்பது நாம் கற்ற முதற்பாடம். இந்த அளவுகோலையும் அவ்விதியாலேயே ஆராய்வோம். அது வானத்திலிருந்து இறங்கியதன்று என்பதைக் காட்டுவதற்கு, அது வந்து சேர்ந்த காலம் தெளிவாகத் தெரிந்த ஓரிடத்தை முதலிற் காண்போம்.

2. பிஜித் தீவில் நடந்தது

பசிபிக் கடலில் உள்ள பிஜித் தீவுகளை நம்மவர் அறிவர். வெள்ளையர் ஆட்சியில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பலர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அத்தீவின் பழங்குடி மக்களிடையே உடல் பருத்து வலிமையாக இருப்பதே சிறப்பெனக் கருதப்பட்டது. வந்தவர்க்கெல்லாம் வயிறார உணவிடுவது அன்பின் அடையாளம். ஒரு பெண் மெலிந்துபோனால் அவளைச் சுற்றத்தார் நன்கு பேணவில்லை என்று ஊரார் வருந்துவர். உடலை மெலியச் செய்வதற்காக உணவைக் குறைக்கும் வழக்கம் அங்கு இல்லை.

அத்தீவின் நத்ரோகா என்னும் பகுதிக்கு 1995 ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வந்தது. அதில் வந்த கதைகளுட் பல அமெரிக்கா முதலிய பிற நாடுகளில் எடுக்கப்பட்டவை. அவற்றில் தோன்றிய பெண்கள் மெலிந்த உடலினர். ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர், தொலைக்காட்சி வந்த சில வாரங்களில் பழங்குடிப் பள்ளி மாணவியர் 63 பேரை வினாவி, அவர்களுடைய உணவுப் பழக்கத்தையும் உடலைப் பற்றிய எண்ணத்தையும் குறித்துக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1998 இல், அதே வயதுடைய வேறு 65 மாணவியரிடம் அவ்வினாக்களையே மீண்டும் கேட்டார்.

உணவுக் கோளாறு இருக்கக்கூடும் என்று அஞ்சத்தக்க அளவை எட்டியவர் முதல் ஆராய்ச்சியில் நூற்றுக்கு 12.7 பேர், இரண்டாவதில் 29.2 பேர். உடலை மெலிவிப்பதற்காக உண்டதைத் தாமே வாந்தி எடுப்பவர் 1995 இல் ஒருவரும் இலர். 1998 இலோ நூற்றுக்கு 11.3 பேர். தம் உடல் மிகப் பெரிது அல்லது பருமன் என்று எண்ணி வருந்தியவர் நூற்றுக்கு 74 பேர். இவ்வாராய்ச்சி 2002 இல் வெளிவந்தது.

ஆராயப்பட்டோர் தொகை சிறிதே. தொலைக்காட்சி ஒன்றே முழுக்காரணம் என்று முடிவு கட்டுதலும் தகாது. அக்காலத்தில் அந்நாட்டு வாழ்க்கையில் வேறு மாறுதல்களும் நிகழ்ந்தன. ஆயினும் ஒன்று நமக்கு விளங்குகின்றது. மூன்றாண்டுகளில் அச்சிறுமியரின் உடல் மாறவில்லை. உடலை அளக்கும் கோலே மாறிற்று. பாட்டிமார் நலமெனப் போற்றிய உடலைப் பேத்திமார் குறையெனக் கண்டு நாணினர். மூன்றாண்டுகளில் வந்த நாணத்தை இயற்கை என்று எவர் கூறவல்லார்?

3. நம் நாட்டில் நிறம் விலைப்பொருளானது

பிஜியில் உடலின் பருமன் எவ்வாறோ, நம் நாட்டில் தோலின் நிறம் அவ்வாறு. இங்கே அளவுகோல் தொலைக்காட்சிக்கு முன்பே இருந்தது. குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூவைப் பாலிற் கலந்து கொடுக்கின்றோம். பெண் பார்க்க வருவோர், "பெண் என்ன நிறம்?" என்று முதலிற் கேட்கின்றனர். கறுப்பான பெண்ணைக் கறுப்பு என்னாமல் "மாநிறம்" என்கின்றோம். உண்மையைக் கூற நாணுவதனால் அன்றோ அவ்வாறு கூறுகின்றோம்? "வெயிலில் விளையாடாதே, கறுத்துப்போவாய்" என்று பெண்ணை வீட்டிற்குள் அழைக்கும் தாய், அவள் தம்பியை அவ்வாறு அழைப்பதில்லை.

நம் இல்லங்களில் கிடந்த இந்த எண்ணத்தை வணிகர் கண்டுகொண்டனர். 1975 ஆம் ஆண்டில் இந்துஸ்தான் லீவர் கம்பெனியார் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பசையை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதன் விளம்பரங்களை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை. அல்லது வரன் அமையவில்லை. அவள் பசையைப் பூசுகின்றாள். முகம் படிப்படியாக வெளுக்கின்றது. வேலையும் வரனும் தேடி வருகின்றன. கல்வியோ உழைப்போ ஒழுக்கமோ அக்கதையில் எதற்கும் பயன்படுவதில்லை. பின்னர் 2005 இல் ஆண்களுக்கும் வேறொரு கம்பெனியார் இத்தகைய பசையைக் கொணர்ந்தனர்.

இதனை எதிர்த்தோரும் உளர். சென்னையில் செயற்படும் பெண்கள் அமைப்பு ஒன்று, கறுப்பும் அழகே என்னும் பொருளுடைய ஓர் இயக்கத்தை 2009 இல் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் 2013 முதல் அதற்குத் துணைநின்றார். 2014 இல் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுவினர், நிறத்தால் எவரையும் தாழ்த்துதலும், கறுத்தவரை வேலைக்கும் மணத்திற்கும் தகுதியற்றவர்போற் காட்டுதலும் கூடா என்று விதி வகுத்தனர். 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்ட் என்னும் கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டதை அடுத்து உலகெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டு ஜூன், ஜூலைத் திங்கள்களில் அப்பசையின் பெயரிலிருந்த 'ஃபேர்' என்னும் சொல்லை நீக்கி 'குளோ அண்ட் லவ்லி' என மாற்றினர். மணமக்களைத் தேடித்தரும் இணையதளம் ஒன்றும் நிறத்தால் வடிகட்டும் வசதியை அப்பொழுது எடுத்துவிட்டது.

பெயர் மாறியதனால் எண்ணம் மாறிவிடவில்லை. ஏனெனில், கம்பெனியார் அவ்வெண்ணத்தைப் படைத்தவர் அல்லர். விதை நம்முடையது, விளைச்சலை அவர்கள் அறுத்துக்கொண்டனர். விதையை வைத்துக்கொண்டு அறுத்தவரை மட்டும் நோவதால் பயனில்லை.

4. கையிலுள்ள கண்ணாடி

முன்னாளில் ஒரு சிறுமி தன்னைத் தன் தெருவிலுள்ள பத்துப் பெண்களோடு ஒப்பிட்டாள். அவர்களுள் சிலர் கறுப்பர், சிலர் சிவப்பர், சிலர் மெலிந்தோர், சிலர் பருத்தோர். இன்று அவள் கையிலுள்ள செல்பேசியில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முகங்களைக் காண்கின்றாள். அவற்றுட் பல உண்மை முகங்கள் அல்ல. தோலை மழுக்கி, கண்ணைப் பெரிதாக்கி, மூக்கைச் சிறிதாக்கி, நிறத்தை வெளுப்பிக்கும் கருவி அச்செல்பேசியிலேயே உள்ளது. படத்திற் காணும் பெண்ணே கண்ணாடி முன் நின்றால் அப்படத்தைப்போல் இராள். தானும் அக்கருவியால் தன் முகத்தை மாற்றிப் பார்த்த சிறுமி, பின்னர்த் தன் உண்மை முகத்தைக் கண்டு வெறுப்படைகின்றாள்.

இன்ஸ்டாகிராமை நடத்தும் கம்பெனியார் தமக்குள் செய்த ஆராய்ச்சிகள் சில 2021 செப்டம்பரில் அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றில் வெளிப்பட்டன. தம் உடலைப் பற்றித் தாழ்வாக எண்ணும்போது இன்ஸ்டாகிராம் அவ்வெண்ணத்தை மேலும் மோசமாக்கியது என்று வளரிளம் பெண்களில் நூற்றுக்கு 32 பேர் கூறியதாக அவற்றில் கண்டிருந்தது. எல்லாச் சிறுமியருக்கும் கேடு என்று அவ்வாராய்ச்சி கூறவில்லை. முன்பே மனம் நொந்திருப்பவரையே அது மேலும் வாட்டுகின்றது என்பது கருதத்தக்கது.

இக்கேட்டை உணர்ந்த நாடுகள் சட்டம் செய்யத் தொடங்கியுள்ளன. விளம்பரத்தில் தோன்றும் பெண்ணின் உடலைத் திருத்தி மெலிவித்தோ பருப்பித்தோ காட்டினால், அது திருத்தப்பட்ட படம் என்று குறிக்கவேண்டும் என்னும் விதி பிரான்சு நாட்டில் 2017 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. நார்வே நாட்டிலும் 2022 ஜூலை முதல் இத்தகைய சட்டம் வழங்குகின்றது. பொய்யைப் பொய் என்று எழுதிவைத்தலே அச்சட்டங்களின் சாரம்.

5. உடலுக்கு நேரும் தீங்கு

இவ்வளவுகோலால் வரும் துன்பம் மனத்தளவில் நிற்பதில்லை. இதனைத் தாய்மார் கருத்தூன்றிப் படிக்கவேண்டும்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். அதனை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. வெயிலின் கேட்டிலிருந்து தோலைக் காப்பது அதுவே. வெயில் மிகுந்த நாட்டில் வாழ்வோர்க்கு அது இயற்கை அளித்த குடை.

இக்குடையை அழிப்பதற்காகச் சில பசைகளிலும் சவர்க்காரங்களிலும் பாதரசத்தைச் சேர்க்கின்றனர். பாதரசம் தோல்வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் அரிய வகை ஒன்று காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் நிறம் வெளுக்கும் பசைகளைப் பூசியவர்கள். அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்ப்பதை நம் நாட்டு 2020 ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. எனினும் உற்பத்தியாளர் பெயரும் சேர்க்கைப் பொருள்களின் விவரமும் இல்லாத டப்பாக்கள் கடைகளில் கிடைக்கவே செய்கின்றன.

மற்றொன்று, தோல் நோய்க்கு மருத்துவர் சில நாள் மட்டும் பூசத் தரும் ஸ்டீராய்டு களிம்பு. அதனை வெளுப்புக்காக மாதக்கணக்கில் பூசுகின்றனர். முதலில் முகம் தெளிவதுபோல் தோன்றும், பின்னர்த் தோல் மெலியும், பருக்கள் எழும், மயிர் வளரும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். இத்தகைய களிம்புகள் பதினான்கை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018 மார்ச்சில் ஆணையிட்டது.

இனி, மெலிவதற்காகப் பட்டினி கிடக்கும் பெண்களைப் பற்றி ஒரு சொல். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுடைய பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர். உண்ணவேண்டிய வயதில் போதிய உணவின்றி வாடும் பெண்கள் நிறைந்த நாட்டில், தட்டில் இட்ட சோற்றையும் ஒரு சிறுமி வெறுத்துத் தள்ளுவாளாயின், அதற்குக் காரணமாவார் பெரும்பழி ஏற்பர்.

6. நம் நூல்கள் காட்டும் வழி

சுத்தநிபாதத்தில் வாசெட்ட சுத்தம் என்பதொன்று உண்டு. ஒருவன் உயர்ந்தோன் ஆவது பிறப்பாலா, செயலாலா என்று வாதிட்ட வாசெட்டன், பாரத்துவாசன் என்னும் இரு இளைஞர்கள் பகவனிடம் வந்து வினவினர். புல், மரம், பூச்சி, விலங்கு, மீன், பறவை ஆகியவற்றிற்கு இனத்திற்கு இனம் வேறான அடையாளங்கள் பிறப்பிலேயே உள்ளன. மக்களிடத்து அத்தகைய வேறுபாடு இல்லை என்று பகவன் விளக்கினார். தலைமயிர், கண், காது, மூக்கு, உதடு என்று உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்லும் அவ்விடத்தில், நிறமும் குரலுங்கூடச் சேர்த்து எண்ணப்பட்டுள்ளன என்பதை அன்பர்கள் கவனிக்க. மக்களைப் பிரிக்கும் அடையாளமாக நிறத்தைக் கொள்ளலாகாது என்பது அன்றே தெளிவாகச் சொல்லப்பட்ட செய்தி.

பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று கூறியே நாம் இச்சங்கத்திற் சேர்ந்தோம். வெளியே அவ்வாறு கூறிவிட்டு, வீட்டிற்குள் இரு பெண்மக்களில் ஒருத்தியைச் சிவப்பென்று முன்னிறுத்தி மற்றொருத்தியைக் கறுப்பென்று பின்னிறுத்துவோமாயின், நாம் விட்டது எதனை? தோலின் நிறமும் பிறப்பால் வருவதே. பிறப்பால் வருவதைக் கொண்டு ஒருவரைத் தரம்பிரித்தல் தெருவில் நடந்தாலும் சமையலறையில் நடந்தாலும் ஒன்றே. வெளியிலுள்ளோர் நம்மை அளந்த கோலை நாம் உடைத்தெறிந்ததாக எண்ணுகின்றோம். அதனை நம் பெண்மக்களின் முகத்தருகே நாமே பிடித்துக்கொண்டிருக்கின்றோம்.

தமிழில் நமக்கு மணிமேகலை இருக்கின்றாள். அவளுடைய அழகைச் சாத்தனார் குறைவாகப் பாடவில்லை. ஆனால் அவ்வழகால் அவளுக்கு வந்தது யாது? அரசகுமரன் தொடர்ந்தான்; பாட்டியாகிய சித்திராபதி அதனைப் பொருளாக்க முயன்றாள்; துன்பமே மிகுந்தது. இன்று நாம் அவளை நினைக்குங்கால் நினைவுக்கு வருவது அவள் முகமன்று. அவள் கையிலிருந்த அமுதசுரபி.

7. இல்லத்திலும் வகுப்பிலும் செய்யத்தக்கன

காரணம் நம் சொல்லில் இருக்குமாயின் நீக்குதலும் நம் சொல்லிலிருந்தே தொடங்கவேண்டும்.

முதலாவது, குழந்தையைக் காணச் சென்றால் நிறத்தைப் பேசாதிருத்தல். சிவப்பைப் புகழ்வது, அருகே நிற்கும் கறுத்த பிள்ளையை இகழ்வதே ஆகும். வாய்மையும் இனிமையும் பயனும் உடையதே நல்வாக்கு என்பதை ஈண்டு நினைக்க.

இரண்டாவது, திருமணப் பேச்சில் நிறத்தைக் கேளாதிருத்தல். கேட்போர்க்கு விடை கூறாதிருத்தல். மகனுக்குப் பெண் தேடுவோர் இதனை முதலிற் கைக்கொள்ளவேண்டும். பெண்ணைப் பெற்றோர் மட்டும் முயன்றால் போதாது.

மூன்றாவது, வெயிலுக்கு அஞ்சிப் பெண்ணை விளையாட்டிலிருந்து விலக்காதிருத்தல்.

நான்காவது, சிறுமியோடு சேர்ந்தமர்ந்து செல்பேசிப் படங்களைப் பார்த்தல். அதனைப் பிடுங்கி வைப்பதால் மறைவில் பார்ப்பாள். ஒரே முகத்தைக் கருவியால் மாற்றியும் மாற்றாமலும் அவளையே எடுக்கச் சொல்லி, "இதில் பொய் எது? இதனால் யாருக்குப் பணம்?" என்று கேட்டல் நன்று.

ஐந்தாவது, ஒரு பெண் உணவைத் தொடர்ந்து ஒதுக்குதல், உண்டதும் குளியலறைக்குச் சென்று வாந்தி எடுத்தல், பலமுறை எடை பார்த்தல், தோழியரை விட்டு ஒதுங்குதல் ஆகியவற்றைக் கண்டால், திமிர் என்று கடியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல். அது நோய், குணக்கேடன்று.

ஆறாவது, "நீயும் அழகுதான்" என்று கூறிவிட்டு நின்றுவிடாதிருத்தல். அவ்வாறு கூறும்போதும் நாம் அக்கோலையே கையிற் பிடித்திருக்கின்றோம். அவள் செய்ததைச் சொல்லுக: நன்றாக ஓதினாள், கணக்கை முடித்தாள், நோயுற்ற பாட்டியைப் பேணினாள் என்று சொல்லுக. செய்தவற்றால் மதிக்கப்பெற்ற பிள்ளை கண்ணாடிக்கு அஞ்சாள்.

நம் வகுப்பின் நிழற்படம் சங்க மண்டபச் சுவரில் தொங்குகின்றது. அதில் அப்பெண்ணின் நெற்றி மட்டும் ஒரு விரல் அளவு தெரிகின்றது. வருவோர்க்கு அது புலப்படாது. எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் புலப்படுகின்றது. நான் அவளிடம் சென்று, அன்று குழந்தையைக் கண்டபோது நான் கூறியது தவறு என்று சொன்னேன். அவள் ஒன்றும் கூறவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். அடுத்த வைசாகத்தில் அவள் எவ்வரிசையில் நிற்பாள் என்பது அவள் ஒருத்தியைப் பொறுத்ததன்று; இடையிலுள்ள மாதங்களில் நாம் அனைவரும் பேசப்போகும் சொற்களைப் பொறுத்தது.

வகுப்பில் ஆராய்வதற்கான வினாக்கள்

1. பிஜித் தீவில் 1995 க்கும் 1998 க்கும் இடையே மாறியது உடலா, உடலைப் பற்றிய எண்ணமா? காரணம் கூறுக.

2. பசையின் பெயர் 2020 இல் மாறியது. பெயர் மாறியதனால் நீங்கியது யாது? நீங்காதது யாது?

3. "மாநிறம்" என்னும் சொல்லை நாம் எவ்விடங்களில் வழங்குகின்றோம்? ஏன்?

4. நிறத்தால் தரம்பிரித்தலுக்கும் பிறப்பால் தரம்பிரித்தலுக்கும் உள்ள ஒற்றுமையை வாசெட்ட சுத்தத்தைக் கொண்டு விளக்குக.

5. கடந்த ஒரு வாரத்தில் உங்கள் இல்லத்தில் ஒருவர் தோற்றத்தைப் பற்றிக் கூறப்பட்ட சொற்களை நினைவிற்கு எட்டியவரை எழுதுக. அவற்றைக் கேட்டவர் யார் என்பதையும் எழுதுக.